இருநூற்று அறுபத்திரண்டு வாட்

என் வீட்டுக்காரர் தராசுகளுக்கு முத்திரை போடும் அதிகாரி. இருபத்திரண்டு வருட சர்வீஸ். கடைத்தெருவில் இவர் தலை தெரிந்தால் போதும், பாதிக் கடைகளில் ஷட்டர் இறங்கும். மீதிக் கடைகளில் தராசைத் துடைக்க ஆரம்பிப்பார்கள். கிலோவுக்கு இருபது கிராம் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், அன்று பிடிபட்டவன் என்ன சாக்குச் சொன்னான் என்று அவனைப் போலவே நடித்துக் காட்டுவார். "சார், நான் என்ன சார் பண்றது, தராசு காட்டுனதைத்தான் சார் சொன்னேன்" என்று கையைப் பிசைந்துகொண்டு இழுப்பார். இழுத்துவிட்டு அவரே சிரிப்பார். கல்யாணம் ஆன புதிதில் நானும் சிரித்திருக்கிறேன்.

உடம்பை அசைக்கச் சொல்லி டாக்டர் எச்சரித்தபோது இவருக்கு வயது நாற்பத்தாறு. என் தம்பிதான் பாவம் பார்த்து சைக்கிள் கிளப்புக்குக் கூட்டிப்போனான். தம்பி லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் நின்றுபோன கட்டடங்களில் நாள் முழுக்கப் படியேறி இறங்குகிறவன். பதினொரு வருடமாக அந்தக் கிளப்பில் இருக்கிறான். வருடா வருடம் நடக்கும் நால்வர் அணிப் போட்டிக்கு ஒவ்வொரு முறையும் ஐந்தாவது ஆளாகப் போவான். ஐந்தாவது ஆள் என்றால் தண்ணீர் பாட்டில் சுமக்கிறவன், பஞ்சர் ஒட்டுகிறவன், கடைசியில் போட்டோ எடுக்கிறவன். அதனால் எந்தப் போட்டோவிலும் அவன் இருக்கமாட்டான்.

கிளப்புக்குக் கேப்டன் ஒரு பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இவர்கள் எல்லோரும் தொப்பையைப் பிதுக்கும் சட்டையில் கூடுவார்கள். கூடியதும் "நல்லா இருக்கீங்களா" என்று யாரும் கேட்கமாட்டார்கள். "எத்தனை?" என்று கேட்பார்கள். எத்தனை வாட் என்று அர்த்தம். போன முதல் வாரமே இவருக்கு முகம் சுருங்கிப்போனது, சொல்ல ஒரு எண் இல்லையே என்று. அடுத்த மாதமே பவர் மீட்டர் வந்து இறங்கிவிட்டது.

பவர் மீட்டர் என்றால் வேறொன்றுமில்லை, பெடலுக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு குட்டித் தராசு. கால் எவ்வளவு அழுத்துகிறது, எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று பார்த்து, ஆள் எத்தனை வாட் வேலை செய்கிறார் என்று ஃபோனுக்குச் சொல்லும். பழகுவதற்கு முதல் படி இருபது நிமிட டெஸ்ட். இருபது நிமிடமும் உயிரைக் கொடுத்து மிதிக்க வேண்டும். அதில் வரும் சராசரியை வைத்து, மெதுவாக ஓட்டும் நாள், மூச்சு முட்ட ஓட்டும் நாள் என்று வாரத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் அடக்கி மிதியுங்கள், இல்லாவிட்டால் பாதியில் செத்துவிடுவீர்கள் என்று கூடவே வந்த புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. இவர் எங்கே படித்தார்? படுக்கையறையில் சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டி, பேய் பிடித்தவர் மாதிரி மிதித்தார். ஆறாவது நிமிடம் தரையில் மல்லாக்கக் கிடந்தார். முகத்தில் தண்ணீர் தெளித்தது நான்.

அதற்குப் பிறகாவது அடங்கினாரா? வீட்டில் எல்லாமே வாட் ஆகிவிட்டது. நான் மாடிக்குத் துணி காயப்போடப் போனால், "இதெல்லாம் எண்பது வாட் கூட வராது" என்பார்.

"நம்ம வீட்டு இஸ்திரிப் பெட்டி ஆயிரம் வாட்டுங்க," என்றேன் ஒருநாள். "அதைக் கட்டியிருந்தா எனக்குத் துணியாவது தேய்ஞ்சிருக்கும்."

மெதுவாக ஓட்ட வேண்டிய நாட்களில் பள்ளிக்கூடத்துப் பெண்கள் கதை பேசிக்கொண்டே இவரைத் தாண்டிப் போவார்கள். "இன்னைக்கு நூத்திமுப்பதுக்கு மேல போகக்கூடாதும்மா, அதான் விட்டுட்டேன்" என்று அவர்களிடமே விளக்கம் சொல்வார். அந்தப் பிள்ளைகள் கேட்டார்களா இவரை? மானம் போகும் எனக்கு.

மூன்று மாதம் மிதித்தும் எண் இருநூற்று முப்பதைத் தாண்டவில்லை. அப்போதுதான் அந்தக் கட்டில் விஷயம் நடந்தது. தராசில் எடை வைப்பதற்கு முன்னால், வெறுந்தட்டில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்போம் இல்லையா? இந்தப் பெடலுக்கும் அது உண்டு. எதன்மேலும் படாமல் பெடலைத் தொங்கவிட்டு, ஃபோனில் 'ஸீரோ' என்பதை அமுக்க வேண்டும். ஒருநாள் அவசரத்தில் இவர் சைக்கிளைக் கட்டிலோரம் நிறுத்தி அமுக்கிவிட்டார். கட்டில் கால் பெடலைப் பின்பக்கமாக நெட்டிக்கொண்டிருந்தது. அந்த நெட்டலையே வெறுந்தட்டு என்று எடுத்துக்கொண்ட மீட்டர், அதற்குப் பிறகு ஒவ்வொரு மிதியிலும் அதையும் சேர்த்தே கணக்குப் போட்டது. அன்றைக்கு இவர் வழக்கம்போலத்தான் மிதித்தார். எண் இருநூற்று அறுபது!

தலைகால் புரியவில்லை மனிதருக்கு. அன்று முதல் ஃபோன் தினமும் 'ஸீரோ செய்யவும்' என்று கேட்கும். இவர் 'பிறகு' என்பதைத் தட்டிவிட்டு ஏறி உட்கார்ந்துவிடுவார். நான் கூரியர் ஆபீஸ் கவுண்டரில் பார்சல் எடை போடுகிறவள். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதலில் அமுக்குவது ஸீரோ பட்டனைத்தான்.

"அது கேக்குதே, அமுக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"அது சும்மா, கம்பெனிக்காரன் எல்லாத்துக்கும் போடுவான். உனக்கு இதெல்லாம் புரியாது."

எனக்குப் புரியாதாம்! சரி, வீட்டுக்குள் ஆடும் ஆட்டம்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று விட்டுவிட்டேன்.

இப்படியிருக்கும்போது அணியின் நால்வரில் ஒருவர் மாற்றலாகி வெளியூர் போனார். இடம் என் தம்பிக்குத்தான் என்று எல்லோரும் பேசிவைத்தாயிற்று. ஆபீஸ் கவுண்டருக்கே வந்து சொன்னான், கையில் கிரீஸோடு. "அக்கா, இந்தத் தடவை பாட்டில் தூக்க வேற ஆள பாத்துக்கச் சொல்லிட்டேன்." பின்னால் வரிசையில் நின்றவர்களைக்கூடக் கவனிக்காமல் சிரித்துக்கொண்டே நின்றான். பதினொரு வருடத்தில் அவன் தனக்கென்று ஆசைப்பட்டுக் கேட்டது இந்த ஒன்றுதான்.

ஆனால் இவர் போய் பல் டாக்டரிடம் இருநூற்று அறுபது என்று சொல்லிவைத்திருக்கிறார். டாக்டருக்கு எண் என்றால் வாயில் எச்சில் ஊறும். உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "ஒரே மீட்டர்ல ரெண்டு பேரும் இருபது நிமிஷம் ஓட்டட்டும். யாருக்கு அதிகமோ அவருக்கு இடம். வாட் பொய் சொல்லாது."

மேட்டு ரோட்டில் டெஸ்ட். சனிக்கிழமை இவர் ஓட்டினார். இருநூற்று அறுபத்திரண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி வீட்டு வாசலுக்கு வந்தான். இவரே தன் பெடலைக் கழற்றி அவன் சைக்கிளில் மாட்டினார். நான் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "மாப்ள, கைய எடுங்க. பெடல் எதுமேலயும் படக்கூடாது," என்று சைக்கிளை நடுவாசலில் நிமிர்த்தி நிறுத்தச் சொன்னார். குனிந்து சுற்றிப் பார்த்தார். ஃபோனை எடுத்து ஸீரோவை அமுக்கினார். சந்தேகத்துக்கு இன்னொரு முறையும் அமுக்கினார்.

"மாமா எவ்ளோ கவனமா செய்றாரு பாருக்கா," என்றான் தம்பி.

தினமும் 'பிறகு' என்று தட்டிவிடுகிறவர்தான் இவர். கழற்றி மாட்டினால் அமுக்கத்தான் வேண்டும், முறை அதுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தம்பிக்கு இருநூற்று நாற்பத்தெட்டு வந்தது. இத்தனைக்கும் அதே இருபது நிமிடத்தில் இவர் வளைவு வரைதான் போயிருந்தார். தம்பி வளைவைத் தாண்டி தண்ணீர் டேங்க் வரை ஏறிவிட்டான். அதைச் சொன்னால் பல் டாக்டர் கேட்கவில்லை. "அவர் ஒல்லி, அதான் மேட்டுல ஏறிட்டார். போட்டி நடக்கிறது சமதளத்துல. அங்க வாட்தான் பேசும்." கண்ணால் பார்த்ததை நம்பமாட்டார்களாம், ஃபோன் சொன்னதை நம்புவார்களாம். படித்தவர்கள் வேறு!

"மாமாவுக்கு எஞ்சின் பெருசுக்கா," என்று சொல்லிவிட்டுப் போனான் தம்பி. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். பசிக்கவில்லை என்றான்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து படுக்கையறைக் கதவைத் திறந்தேன். பெடல் இவர் சைக்கிளுக்குத் திரும்பி வந்துவிட்டது. மனிதர் தரையில் முட்டி போட்டுக்கொண்டு, சைக்கிளை அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டிருந்தார். கட்டில் காலில் பெடல் நெட்டுகிறதா என்று விரலை விட்டுப் பார்த்தார். நெட்டியது. ஸீரோவை அமுக்கினார்.

இருபத்திரண்டு வருடம் கடைத்தெருவைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த மனிதர், சொந்தப் படுக்கையறையில் தராசில் கை வைக்கிறார்.

"அப்ப தெரிஞ்சேதான் செஞ்சிருக்கீங்க," என்றேன்.

திடுக்கிட்டு எழுந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "என்ன தெரிஞ்சு? நான் யார்கிட்டயும் பொய் சொல்லல. மீட்டர் காட்டுனதைத்தான் சொன்னேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வசனம் என்று அவர் காதிலேயே விழுந்தது போலிருக்கிறது. நடித்துக் காட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை, கையைக்கூடப் பிசைந்துகொண்டிருந்தார்.

"அவனுக்கு மட்டும் ரெண்டு தடவை ஸீரோ. உங்களுக்கு மட்டும் கட்டில் காலு. சீ! அவன்தானே உங்கள அங்க கூட்டிட்டுப் போனான்?"

கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.  "நான் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஷட்டரை இறக்குறாங்க. ஒருத்தன் வாங்க உக்காருங்கன்னு சொன்னதில்ல. அங்க மட்டும்தான் எம்பேரச் சொல்லிக் கூப்பிட்டு எத்தனைன்னு கேக்குறாங்க. அது எனக்கு வேணும்," என்றார்.

அழுகிற குரல்தான். இரக்கம் வந்திருக்க வேண்டும். எனக்கு வரவில்லை. தனக்கு ஒரு நாற்காலி வேண்டுமென்றால், பதினொரு வருடம் நின்றுகொண்டிருந்தவனுடையதைத்தானா இழுத்துப் போட்டு உட்கார வேண்டும்?

"வியாழக்கிழமைக்குள்ள நீங்களா விலகிக்குங்க. எப்படிங்கிறது உங்க பாடு. இல்லைன்னா நானே பல் டாக்டர் கிளினிக்குக்குப் போய் எல்லார் முன்னாடியும் சொல்லுவேன்."

"மாப்ளகிட்ட சொல்லிடாத," என்றார்.

சொல்லவில்லை. சொன்னால் தம்பி அந்த இடமே வேண்டாமென்று போய்விடுவான். அக்கா வீட்டில் சண்டை வரும் என்றால் அவன் எதையும் விட்டுவிடுவான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவன் ஓட்ட வேண்டும் என்றால் நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மூடிக்கொண்டேன்.

வியாழக்கிழமை கிளப் கூட்டத்துக்கு இவர் நொண்டிக்கொண்டு போனார். முட்டி பிசகிவிட்டதாம். "எனக்கு என்ன, வயசாயிடுச்சு. மாப்ள பதினோரு வருஷமா காத்திருக்கார். அவர் ஓட்டட்டும்," என்றாராம். எழுந்து நின்று கைதட்டியிருக்கிறார்கள். விலகு என்று சொன்னேன், தியாகியாகு என்றா சொன்னேன்? தம்பி அன்றைக்கே முட்டிக்குத் தடவ ஒரு களிம்பு வாங்கிக்கொண்டு வந்தான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை அவனே இவர் முட்டியில் தேய்த்துவிட்டான். இவர் "ஸ்ஸ்" என்று முகத்தைச் சுளித்தார். அந்தச் சுளிப்புக்கே இவரை வாசலில் நிறுத்தியிருக்க வேண்டும்.

போட்டி நடந்தது. பத்தொன்பது அணிகளில் இவர்கள் மூன்றாவது. கிளப் தொடங்கியதிலிருந்து இப்படி வந்ததில்லை. எதிர்க்காற்றில் கடைசி எட்டு கிலோமீட்டர் தம்பிதான் முன்னால் நின்று மற்ற மூவரையும் இழுத்துக்கொண்டு வந்தான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். எல்லையைத் தாண்டியதும் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, ரோட்டோரம் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு அது போதும் என்றிருந்தது.

நால்வருக்கும் பதக்கம் போட்டார்கள். போட்டோவில் தம்பி நடுவில் நின்றான். பிறகு பல் டாக்டர் மைக்கைப் பிடித்தார். "நமக்குக் கிடைச்ச இந்த வெற்றிக்குப் பின்னாடி ஒரு பெரிய மனுஷன் இருக்கார்," என்று ஆரம்பித்து இவரை மேடைக்குக் கூப்பிட்டார். இவர் நொண்டியபடியே ஏறினார். வேண்டாம் வேண்டாம் என்று கையசைத்துக்கொண்டேதான் ஏறினார். தம்பி மைக்கை வாங்கினான். அவனுக்குப் பேச வரவில்லை. "மாமா இல்லைன்னா நான் இன்னைக்கும் பாட்டில்தான் தூக்கிட்டிருப்பேன்," என்று மட்டும் சொன்னான். சொல்லிவிட்டுத் தன் கழுத்திலிருந்த பதக்கத்தைக் கழற்றினான்.

இப்போதாவது மறுப்பார் என்று பார்த்தேன். எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். கூட்டத்தில் ஒரு நொடி என்னைத் தேடிப் பார்த்தார். பார்த்துவிட்டு, தம்பிக்கு எட்ட வேண்டுமே என்று தலையைக் குனிந்துகொடுத்தார்.

பந்தல் அதிரக் கைதட்டினார்கள். மேடையிலிருந்து தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தான். அக்கா மட்டும் ஏன் சும்மா நிற்கிறாள் என்று அவன் முகம் லேசாக மாறத் தொடங்கியது.

நானும் கைதட்டினேன்.