எல்லோருக்கும் கண்ணாடி டம்ளர்

காட்டிக்கொடுத்தவன் நான்தான். மல்லசமுத்திரம் பக்கத்துக் கிராமமொன்றில் டீக்கடைக்காரரிடம் போய், "நாளைக்குத் தாசில்தார் வாராருங்க" என்று சொன்னேன்.

எண்பதுகளில் சேலத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் மாணவர் குழு அந்த ஊர்க் காலனிக்கு வாராவாரம் போய்வந்தது. டீக்கடையில் எங்களுக்குக் கண்ணாடி டம்ளர். காலனிக்காரர்களுக்கு வெளிக்கூரையில் செருகிய அலுமினிய டம்ளர். குடித்ததும் அவர்களே கழுவி வைக்க வேண்டும். அதைப் பற்றிப் புகார் கொடுத்தோம்; தாசில்தார் முன்னறிவிப்பில்லாமல் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. சாட்சி சொல்ல ஒரே ஒருவர்தான் துணிந்தார்: தோட்ட வேலைக்குப் போகும் ஓர் அம்மா.

அவரைத் துணிய வைத்தவன் என் அறைத்தோழன், ஆத்தூர்க்காரன். அவர் வீட்டுக் கட்டிலில் உரிமையோடு உட்காருவான். அவர் மடியிலிருந்து வறுத்த கடலையை அள்ளிக் கொடுப்பார். "ஏஞ்சாமி, உங்கூர்ல எல்லாரும் இப்பிடித்தான் சண்டைக்கு வாராப்பல பேசுவாங்களா?" என்று கேலி செய்வார். பக்கத்து ஊர்ப் பண்ணைக்காரர் மகனான என்னைக் கண்டால் மட்டும் எழுந்துவிடுவார். "உக்காருங்கம்மா" என்றால், "இருக்கட்டுங்க சாமி" என்பார். எனக்கு வயிறு எரியும். புகாரை எழுதியவன் நான், பேர் வாங்கியவன் அவன். காலனிக்காரர்கள் முன்னால் ஒருநாளாவது அவன் பொய்யனாகி நிற்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த அம்மாவைப் பற்றி நினைக்கவேயில்லை.

தாசில்தார் வந்தபோது எல்லோருக்கும் கண்ணாடி டம்ளரில் டீ. "ஏனுங்க, இங்க என்ன குறைங்க?" என்றார் கடைக்காரர். காலனியே தலைகுனிந்து நின்றது. அந்த அம்மா மட்டும் உள்ளதைச் சொன்னார். மறுநாளே தோட்டத்தில் அவரை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

என்னால் தாங்க முடியவில்லை. நான் செய்ததைத் தாசில்தார் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். மறுபடி விசாரித்துக் கடைக்காரர்மேல் வழக்குப் போட்டார்கள். பிறகு அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"தெரியுமுங்க. நீங்க கடைக்குப் போனத நாந்தான் பாத்தனே" என்றார்.

தெரிந்தேதான் சாட்சி சொல்லியிருக்கிறார். "எங்க தோட்டத்துக்கு வேலைக்கு வாங்கம்மா" என்றேன்.

"உங்க ஊட்டுக்கா? வேண்டாமுங்க சாமி. நாங்க தறிக்குப் போறோம்."

பள்ளிபாளையத்தில் தறி வேலை பிடித்துக் கொடுத்தவனும் அந்த ஆத்தூர்க்காரன்தான். தட்டுமுட்டுச் சாமான்களோடு அந்தக் குடும்பத்தை பஸ் ஏற்றிவிடவும் போனான். என்னைக் கூப்பிடவில்லை. விடுதி அறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அப்போதும் எனக்கு அவன்மேல் பொறாமையாகத்தான் இருந்தது.