இறங்கக் கூடாத கடலோரம் நான்கு இரவுகள்

பையன் அருண் கல்லூரிக்காக ஆஸ்டின் நகரத்துக்குப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. டாலஸுக்குப் பக்கத்தில் ஃபிரிஸ்கோ வீட்டில் நானும் என் கணவர் முரளியும் மட்டும். எங்கள் வட்டாரத்தில் பயணம் என்றால் நான்கு குடும்பம், இரண்டு வேன், ஒரு வாட்ஸப் குழு, ஒரு ரைஸ் குக்கர். இந்த முறை அதெல்லாம் வேண்டாம், நாம் இருவர் மட்டும் எங்காவது நல்ல இடமாகப் போவோம் என்று இவரே சொன்னார். நவம்பர் இரண்டாவது வாரம், நான்கு இரவு, மெக்சிகோவில் லாஸ் காபோஸ். போட்டோக்களைப் பார்த்துவிட்டு எவ்வளவு ஆனது, சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்காதவர்கள் இல்லை. ஒவ்வொருவருக்கும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அலுத்துவிட்டது. மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. நான் இந்தப் பயணத்துக்குத் தலையாட்டியது ஓட்டலுக்காக இல்லை. ஜனவரியிலிருந்து ஊர்ப் பொது உடற்பயிற்சிக் கூடமான ரெக் சென்டரில் பெரியவர்களுக்கான நீச்சல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். நாற்பத்தெட்டு வயது, முழங்கால் வரை மூடிய நீச்சல் உடை, பக்கத்துப் பாதையில் என்னைத் தாண்டிப் போகும் ஆறு வயதுக் குழந்தைகள். முதல் மாதம் தலையைத் தண்ணீருக்குள் வைக்கவே முடியவில்லை. அக்டோபரில் குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்பி வந்தேன். கடலில் ஒரு தடவை நீந்திவிட வேண்டும் என்பதுதான் இவ்வளவுக்கும் காரணம். இதை வீட்டில் தனியாக அறிவிக்கவில்லை. வகுப்புக்குப் போகிறவள் எதற்குப் போகிறாள் என்று கூட இருப்பவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

டாலஸிலிருந்து நேரடி விமானம், மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நவம்பரில் அங்கே நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால். எங்களிடம் இந்தியப் பாஸ்போர்ட்தான். கிரீன் கார்டு இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை, ஆனாலும் போவதற்கு முன் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சுங்கச் சோதனை முடிந்து வெளியே வரும் வழியில் ஒரு கூடம் இருக்கிறது. அங்கே சட்டையில் பெயர்ப்பட்டை குத்திய பலர் நின்றுகொண்டு, "உங்கள் வண்டி எது, பேப்பரைக் காட்டுங்கள்" என்று ஏதோ அரசாங்க அதிகாரி மாதிரி கேட்பார்கள். எல்லோரும் விடுமுறை வீட்டில் பங்கு விற்பவர்கள். இவர் நின்று பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

விமான நிலையத்திலிருந்து ஓட்டலுக்கு முப்பத்தைந்து நிமிடம். வண்டியை முன்கூட்டியே பதிவு செய்திருந்தோம், போக வர 110 டாலர். சாலையின் ஒரு பக்கம் ஆள் உயரக் கள்ளிகள், மறுபக்கம் கடல். பாலைவனமும் கடலும் இப்படி ஒட்டிக்கொண்டிருப்பதை நான் பார்த்ததில்லை. ஓட்டுநர் பெயர் நாச்சோ. எங்களுக்கு எத்தனை பிள்ளைகள், ஒன்றோடு ஏன் நிறுத்திவிட்டோம் என்பது வரை விசாரித்தார். சென்னையில் ஆட்டோவில் ஏறின மாதிரியே இருந்தது.

ஓட்டலைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. பாறையின் உச்சியில் வரவேற்புக் கூடம், அதற்கு முன்பக்கச் சுவரே கிடையாது, உள்ளே நுழைந்ததும் நேரே கடல். அறைக்குக் குட்டி மின்வண்டியில் கூட்டிப்போகிறார்கள். மாடத்தில் இரண்டு சாய்வு நாற்காலி, ஒரு தொட்டி அளவு குளம். கீழே அலை அடிக்கும்போது கண்ணாடிக் கதவு லேசாக அதிர்கிறது. வரியோடு ஓர் இரவுக்கு 690 டாலர். இரண்டு இரவை கிரெடிட் கார்டு பாயின்ட்டில் தள்ளிவிட்டார். பாயின்ட் விஷயத்தில் இவரை மிஞ்ச ஆள் இல்லை.

சாப்பாட்டைப் பற்றிப் பயமே வேண்டாம். இவர் ஆறு வாரமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு விமர்சனங்களைப் படித்து, மின்னஞ்சலில் சமையல்காரரையே பிடித்துவிட்டார். அங்கே பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பது வழக்கம், அதனால் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். கேக்கில் முட்டை உண்டா, சூப்பில் கோழிச் சாறு உண்டா, அறையில் கெட்டில் உண்டா, மெத்தை கல் மாதிரி இருக்குமா, எல்லாவற்றுக்கும் இவரிடம் பதில் இருந்தது. முதல் நாள் மத்தியானம் சோள ரொட்டியும் காளானும் மூக்கு முட்டச் சாப்பிட்டோம். கொண்டுபோன பருப்புப் பொடி பெட்டியிலேயே இருந்தது.

சாயங்காலம் நீச்சல் உடையைப் போட்டு, மேலே ஒரு குர்த்தியை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். லிஃப்ட், அப்புறம் வளைந்து போகும் ஒரு கல் பாதை. மணலில் சிவப்புக் கொடி பறந்தது. கூழாங்கல் மாதிரிப் பருமனான மணல், கால் வைத்தால் புதைகிறது. அலை தூரத்தில் உடைந்து நுரையாக வரவில்லை. கரைக்கே வந்து எழும்பி, சுவர் இடிந்து விழுவதுபோல் விழுந்தது. கொடிக்குப் பக்கத்தில் நின்ற காவலர் என்னைப் பார்த்ததும் விரலை இடதும் வலதும் ஆட்டினார். நாளைக்குச் சரியாகுமா என்று கேட்டேன். இங்கே வருடம் முழுக்க யாரும் இறங்குவதில்லை, கரையிலிருந்து இரண்டடி தள்ளினால் ஆழம், உள்ளே இழுத்துவிடும் என்றார்.

இவர் பின்னாலேயே போனில் வீடியோ எடுத்துக்கொண்டு வந்தார்.

"இங்க எறங்கக் கூடாதாம்" என்றேன்.

"ஆமா, வெப்சைட்லயே போட்டிருந்தான். பாத்தேன்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன். ஸோ வாட்? நாம என்ன எறங்கவா போறோம்? இந்த வியூ வேற எங்க கெடைக்கும் சொல்லு?"

தெரியாமல் செய்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். படித்திருக்கிறார். படித்துவிட்டு, நமக்குச் சம்பந்தமில்லாத வரி என்று தாண்டிப் போயிருக்கிறார். முட்டைக்கும் மெத்தைக்கும் கேள்வி தோன்றியவருக்கு இது தோன்றவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மணல் விழுந்துவிட்டது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அவர் பக்கமும் பார்க்கத்தான் வேண்டும். நாங்கள் இருவரும் சென்னை. கடற்கரை என்றால் புடவையைக் கொஞ்சம் தூக்கிக் கால் நனைத்துவிட்டு, ஓர் அலைக்குக் கத்திவிட்டு, மிளகாய் பஜ்ஜிக்குத் திரும்பிவிடுவது. எங்கள் இரண்டு குடும்பத்திலும் கடலுக்குள் போனவர் யாரும் இல்லை. கடலைப் பார்க்கத்தான் போவார்கள். அதற்குப் பிறகு கான்கூன், ஹவாய், டெஸ்டின் என்று எத்தனையோ கரைகளுக்குப் போனோம். மற்றவர்கள் தண்ணீரில் இருக்கும்போது குடைக்கடியில் எட்டு பேருடைய போன், மூக்குக்கண்ணாடி, கார் சாவி, ஈரத் துண்டு எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான்தான். யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை. யாரும் வா என்றும் சொல்லவில்லை. அதைத்தான் இருபத்து மூன்று வருடமாக இவர் பார்த்திருக்கிறார்.

மறுநாள் ஓட்டலின் பெரிய குளத்தில் இறங்கிப் பார்த்தேன். படங்களில் கடலோடு சேர்ந்துவிடுகிற மாதிரி தெரியுமே, அந்தக் குளம். இடுப்பளவுதான் தண்ணீர். ஐந்து கைவீச்சில் விளிம்பு வந்துவிடுகிறது, அங்கே ஆட்கள் கையில் கோப்பையோடு நிற்கிறார்கள். இவர் என்னை முப்பது படம் எடுத்தார். நீங்கள் வாட்ஸப்பில் பார்த்ததெல்லாம் அவைதான். அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன், படங்களில் தெரியாது.

மூன்றாம் நாள் காலைச் சாப்பாட்டில் சொல்லிவிட்டேன்.

"எனக்குக் கடல்ல நீந்தணும். அதுக்குத்தான் வந்தேன்."

இவர் பப்பாளித் துண்டை முள்கரண்டியில் வைத்துக்கொண்டு அப்படியே நிறுத்தினார். "க்ளாஸ் போனது சுகருக்குன்னு நெனச்சேன்."

"சுகருக்கு நடந்தா பத்தாதா? தலைமுடியெல்லாம் குளோரின்ல போச்சு எனக்கு."

"அருணுக்குத் தெரியுமா?"

"நீச்சல் கண்ணாடி வாங்கிக் குடுத்ததே அவன்தான்."

பையனுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லை என்பது உறைத்திருக்க வேண்டும். முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டார். பிறகு, "பதினோரு மணிக்கு மசாஜ் புக் பண்ணிருக்கேனே, நான்-ரீஃபண்டபிள்" என்றார்.

"நீங்க போய்ப் பண்ணிக்கோங்க. நான் டாக்ஸி எடுத்துப் போயிட்டு வரேன்."

வெளிநாட்டில் தனியாக டாக்ஸியில் ஏறியதில்லை நான். வாயிலிருந்து வந்துவிட்டது. அதன் பிறகு இவருக்கு மசாஜில் மனம் செல்லவில்லை. முணுமுணுத்துக்கொண்டே போன் செய்து நாச்சோவைப் பிடித்தார்.

நாச்சோ வந்து, இருபது நிமிடத்தில் எங்களைச் சிலேனோ என்ற விரிகுடாவுக்குக் கொண்டுபோய் விட்டார். போக வர 60 டாலர், இரண்டு மணி நேரம் காத்திருப்பதும் சேர்த்து. வழி முழுக்க இதைவிடப் படகுச் சவாரி நல்லது, தன் மச்சானிடம் படகு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடற்கரைக்குக் கட்டணம் இல்லை. கழிப்பறையும் குளிக்கக் குழாயும் உண்டு. உள்ளூர்க் குடும்பங்கள் ஐஸ் பெட்டியும் குடையுமாக வந்திருந்தார்கள். பச்சைக் கொடி. நீந்தும் இடத்தைச் சுற்றி மிதவைகள் கோர்த்த ஒரு கயிறு, கரையிலிருந்து அறுபது எழுபது கஜம் இருக்கும்.

பையையும் போனையும் இவரிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன். குளத்தில் படித்ததெல்லாம் முதல் நிமிடத்தில் மறந்துபோனது. அடியில் வழிகாட்டும் கறுப்புக் கோடு இல்லை, எந்தப் பக்கம் போகிறேன் என்று தெரியவில்லை. ஒரு சின்ன அலை முகத்தில் அறைந்தது. மூக்கு வழியாக உப்புத் தண்ணீர் ஏறி, இருமிக்கொண்டே காலை ஊன்றினேன். மார்பளவுதான் ஆழம். அவ்வளவு ஆழத்தில் நான் செத்துப்போவேன் என்று பயந்திருக்கிறேன். பக்கத்தில் டி-ஷர்ட்டோடு குளித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

"போதும் வசந்தி, எறங்கியாச்சுல்ல! வா, போட்டோ எடுத்துட்டேன்" என்று கரையிலிருந்து இவர் குரல்.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை கயிற்றை மட்டும் பார்த்தேன். கை, கை, மூச்சு. நடுவில் ஓர் இடத்தில் தண்ணீர் சில்லென்று மாறியது, கீழே தரை தெரியவில்லை. அங்கேதான் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. திரும்பும் தூரமும் போகும் தூரமும் ஒன்றாகவே இருந்ததால் போய்விட்டேன். மிதவையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் மூச்சு வாங்கினேன் என்று தெரியாது. சந்தோஷம் என்று சொன்னால் போதாது. என் உடம்பு எனக்குப் புதிதாகக் கிடைத்த மாதிரி இருந்தது.

திரும்பிப் பார்த்தால் இவர் பேன்ட்டோடு முழங்கால் தண்ணீரில் நிற்கிறார். தோளில் என் பை, ஒரு கையில் செருப்பு, மறுகையைத் தலைக்கு மேல் வீசுகிறார். வா, வா என்று. வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. வீட்டில் அந்தக் கை அசைந்தால் அடுப்பை அணைத்துவிட்டுப் போவேன். அன்று நானும் கையைத் தூக்கி ஆட்டினேன். போகவில்லை. மல்லாந்து படுத்தேன். காது இரண்டும் தண்ணீருக்குள் போனதும் உலகத்தில் ஒரு சத்தமும் இல்லை. மனம் நிறையும் வரை அப்படியே மிதந்துவிட்டுத்தான் கரைக்குத் திரும்பினேன்.

இவர் முகம் வெளுத்திருந்தது. "கூப்பிடறேன், வரமாட்டேங்கற. உனக்கு ஏதாவது ஆயிருந்தா நான் என்ன பண்ணுவேன்? எனக்கு நீச்சல் தெரியாது வசந்தி." துண்டை என் தோளில் போர்த்திவிட்டு, வண்டி வரைக்கும் கையை விடவில்லை. பாவமாகத்தான் இருந்தது. கூப்பிட்டதும் போகாமல் இருந்தது சரி என்றும் தோன்றியது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. லாஸ் காபோஸில் பாறைமேல் இருக்கும் அழகான ஓட்டல்கள் பலவற்றில் கடலைப் பார்க்கத்தான் முடியும். அறை பதிவு செய்யும் முன், எதிரே இருக்கும் கரையில் இறங்கலாமா என்று நேரடியாகக் கேளுங்கள். முடியாது என்றால் அதற்காக ஒரு நாளும் வண்டிச் செலவும் ஒதுக்குங்கள். கொடி சிவப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால் எவ்வளவு நன்றாக நீந்தத் தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். சிலேனோவுக்குக் காலையிலேயே போங்கள், பத்தரைக்கு மேல் வண்டி நிறுத்த இடம் இருக்காது. தண்ணீருக்குள் கல் உண்டு, ரப்பர் செருப்பு நல்லது. நவம்பரில் தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருந்தது. எல்லாம் சேர்த்து எங்களுக்கு மூவாயிரம் டாலருக்குக் கொஞ்சம் மேலே ஆனது, பாயின்ட்டைச் சேர்க்காமல். கூட வருகிறவர் எதற்காக வருகிறார் என்பதையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், செலவில்லாதது.

ஊர் திரும்பிய பிறகு யார் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் ஓட்டல் எப்படி என்று கேட்கிறார்கள். இவர் வியூவைப் பற்றியோ பாயின்ட்டைப் பற்றியோ பேசுவதில்லை. "இவ கடல்ல எவ்ளோ தூரம் போயிட்டா தெரியுமா! நான் கத்தறேன், திரும்பியே பாக்கல" என்று ஆரம்பித்துவிடுகிறார். முதல் வாரம் நூறு கஜம் என்றார். போன சனிக்கிழமை அரை மைல் ஆகிவிட்டது. அவர் சொல்வது புகாரா பெருமையா என்று எனக்கே புரியவில்லை. இரண்டாம் தடவை சாதம் போட்டுக்கொண்டு கேட்டபடி இருக்கிறேன்.