அப்பாவின் எடை முப்பத்துமூன்று

மருத்துவமனையில் அக்காவுக்குத் தராசு என்று பெயர். நாடி பார்க்கக்கூடத் தெரியாது. இரண்டாம் மாடியில், லிஃப்டுக்குப் பின்னால் இருந்த புள்ளிவிவர அறையில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்து, கணக்கில் எந்த நோயாளிக்கு எவ்வளவு எடை என்று போட்டுக்கொண்டிருந்தாள். தலைமை மருத்துவர் கதவைத் திறக்கும்போதே, "என்ன தராசு, இன்னிக்கு யாரைக் குண்டாக்குனீங்க?" என்பார்.

"உங்களுக்குத்தான் அது தேவையில்லையே சார்" என்பாள்.

நுரையீரலுக்குப் புதிதாக ஓர் ஊசி வந்திருந்தது. போட்டுக்கொண்டவர்களில் நிறையப் பேர் இறந்தார்கள். ஊசிதான் கொல்கிறது என்று வார்டெல்லாம் பேச்சு. அதைக் கேட்டுத்தான், அங்கே மூச்சு முட்டிக் கிடந்த அப்பாவுக்கு ஊசி போட நான் கையெழுத்திட மறுத்தேன். அக்கா அப்போது வெளியூர்ப் பயிற்சியில் இருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றாம் நாள் அப்பா போய்விட்டார்.

அடுத்த வருடம் அந்த ஊசியின் கணக்கு அக்காவிடம் வந்தது. சாப்பிடும்போது சொன்னாள்.

"ரொம்ப முடியாதவங்களுக்குத்தானேடி போட்டாங்க? சாவு கூடத்தான் இருக்கும். அதே நிலையில இருந்தும் போட்டுக்காதவங்க அபூர்வம். முப்பத்துமூணுல ஒருத்தர்னா, கணக்குல அந்த ஒருத்தர் முப்பத்துமூணு பேருக்காகவும் பேசணும், அவருக்கு முப்பத்துமூணு பேரோட எடை. போட்டுக்கிட்டவங்கதான் ஏராளமா இருக்காங்களே, அவங்களுக்கு ஒண்ணுக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான்."

அப்புறம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டியலில் பெயர்கள் கிடையாது. அந்த ஒருவர் யாரென்று தெரிய, வயதும் சேர்ந்த தேதியும் அவளுக்குப் போதுமாயிருந்தன.

"அந்த ஒருத்தரோட எடையைப் பத்துக்கு வெட்டிடுங்க, எல்லாரும் செய்யறதுதானே" என்றாராம் தலைமை மருத்துவர். ஒரே ஆள் மொத்தக் கணக்கையும் சாய்த்துவிடாமலிருக்கத் தொழிலில் அது வழக்கம்தான். வெட்டினால் ஊசியின் பலன் சந்தேகம். வெட்டாவிட்டால், ஊசி காப்பாற்றுகிறது. அக்கா இரண்டையும் எழுதிக் கொடுத்தாள்.

"போட்டிருந்தா அப்பா பிழைச்சிருப்பாரா?" என்று கேட்டேன்.

"கூட்டத்துக்குத்தான்டி கணக்கு பதில் சொல்லும். ஒரு ஆளுக்குச் சொல்லாது."

"என்னைத் தேத்தறியா?"

"தேத்தணும்னா பொய் சொல்லியிருப்பேன். எழுந்து தட்டைக் கழுவு."

போன மாதம் அக்காவுக்கு மூச்சு முட்டியது. அதே வார்டு, அதே படிவம். நர்ஸ் பேசி முடிக்குமுன்பே கையெழுத்துப் போட்டேன். ஐந்தாம் நாள் அக்காவும் போய்விட்டாள்.

புள்ளிவிவர அறையில் இப்போது வேறொரு பெண் இருக்கிறாள். அவளுடைய பட்டியலில் அக்கா ஒரு வரியாக வருவாள்: வயது ஐம்பத்தொன்று, நிலை மிக மோசம், ஊசி போடப்பட்டது. எடை, ஒன்றுக்குக் கொஞ்சம் மேல்.