மிதிக்கத்தான் பின்னினேன்

ஓசூரில் சிப்காட் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தபோது, வாசலுக்கு ஒரு கால்மிதி செய்யப்போக, எங்கள் வீட்டில் பத்து நாள் சண்டை நடந்தது. வீட்டுக்கு ஒரு செல்போன்தான் என்றிருந்த காலம். அந்தச் சண்டைக்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை.

கல்யாணத்துக்கு முன்பு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தவள் நான். குழந்தை பிறந்ததும் வேலையை விட வைத்தார்கள். கை சும்மா இருந்தால் எனக்கு எரிச்சல் வரும். ஒரு பத்திரிகையில் பழைய துணியில் கால்மிதி பின்னுவதைப் படத்தோடு போட்டிருந்தார்கள், பார்த்ததுமே இறங்கிவிட்டேன். என் காட்டன் சேலை இரண்டு, சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று; வீட்டுக்காரரின் பழைய நீல யூனிஃபார்ம் பேண்ட் மூன்று. சேலை, பல்லால் கடித்து ஆரம்பித்துவிட்டால் சரசரவென்று கிழிந்தது. பேண்ட் துணி மசியவே இல்லை. கத்தரிக்கோல் பிடித்துக் கட்டைவிரலில் கொப்புளம் வந்தது. மூன்று நிறத்து நாடாவையும் ஜடை போலப் பின்னி, வட்டமாகச் சுற்றிச் சுற்றிக் கோணி ஊசியால் தைத்தேன்.

மெஷினில் தைத்த பழக்கம், நூலை இறுக்கி இழுத்துவிட்டேன். ஓரமெல்லாம் மேலே எழும்பி நின்றது. பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அக்கா அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல வெங்காயம் போட்டு வெச்சிக்கலாம்" என்று சிரித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றைக்கே மொத்தத்தையும் பிரித்தேன். வளைவில் பின்னலைத் தளரவிட்டுத் தைத்தால்தான் தட்டையாகப் படுக்கும் என்பது இரண்டாவது தடவைதான் கைக்குப் புரிந்தது. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வாசலில் கிடந்தபோது, நான் செய்ததா இது என்று நானே நாலு தரம் போய்ப் பார்த்தேன்.

மாங்காய் சீசன் முடிந்து, நாகரசம்பட்டிப் பக்கத்திலிருந்து என் மாமியார் வந்து தங்கியிருந்தார். நீலத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இது அவன் பேண்ட்டு இல்ல? ஆம்பள போட்ட துணிய வாசப்படியில மிதிக்கப் போட்டிருக்கியே, வூடு வெளங்குமா? பாத்திரக்காரன்கிட்டப் போட்டிருந்தா ஒரு டப்பாவாவது குடுத்திருப்பான். அத மட்டும் உருவிடு."

"உருவினா மிச்சம் ரெண்டும் நிக்காது அத்தே."

வீட்டுக்காரர் என் பக்கம் வந்து மெதுவாக, "அம்மா சொல்றாங்கல்ல, வேற துணி போட்டுக்கயேன்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அதுல என் சேல ரெண்டு கெடக்கு. அத மிதிக்கலாமான்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

சிவப்புச் சேலை என் முதல் சம்பளத்தில் வாங்கியது என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும்.

லைன் வீட்டுக்கு ஒரே வாசல்தான். அன்றிலிருந்து அவர் ஷிஃப்ட் முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு, ஓடையைத் தாண்டுவது போல ஒரு தாண்டு தாண்டுவார். மாமியார் மூட்டுவலியோடு கதவைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைப்பார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. எடுத்துவிடலாமா என்று இரண்டு முறை குனிந்தேன், எடுக்கவில்லை. நான் மட்டும் போகும்போதும் வரும்போதும் அதன் நடுவில் நின்று இரண்டு காலையும் நன்றாகத் தேய்த்தேன். தண்ணீர் விடும் நாளில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே தேய்த்தேன்.

பத்தாவது நாள் மத்தியானம், மாமியார் தன் பையிலிருந்து துவைத்துத் துவைத்து நைந்துபோன அரக்குச் சேலை ஒன்றை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். குரல் இறங்கியிருந்தது.

"அவன் பேண்ட்ட எடுத்துட்டு இத வெச்சுப் பின்னிக்க கண்ணு. என்னோட சேலதான, மிதிச்சா ஒண்ணும் ஆவாது."

பத்து நாளாக அவர்மேல் வைத்திருந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது. அதைவிடப் பெரிய கோபம் ஒன்று வந்தது. அது அவர்மேல் இல்லை. சேலையை மடித்து அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தேன்.

"உங்க சேலைய நான் மிதிக்க மாட்டேன் அத்தே" என்றேன். "பேண்ட்டு அங்கயே கெடக்கட்டும்."