மணல் தட்டில் ஒன்றுமில்லை

எண்பதுகளின் நடுவில் ஓசூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மா, பெங்களூரில் இருந்த மகள் வீட்டோடு போய்விடுவதென்று முடிவு செய்தார். அவரிடம் ஒரு கிழட்டு ஆண் பூனை இருந்தது. மஞ்சள் வரி, ஒரு காது கிழிசல், வாயில் பாதிப் பல் இல்லை. மகள் வீட்டில் அதைச் சேர்க்க மாட்டார்களாம். கிளம்புவதற்கு முன் அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து, உள்ளே படுத்திருந்த என் மனைவியிடம் கேட்டார்.

"ஏம்மா, இவன நீயே வெச்சுக்கறியா? வயசாயிருச்சு. நாய்க்குப் பயந்துகிட்டு வெளிய போறதில்ல, மணல் தட்டுலதான் எல்லாம். ரொம்ப நாளைக்குத் தொல்ல குடுக்க மாட்டான்."

அப்போது என் மனைவி யாரோடும் பேசுவதில்லை. ஆறாம் மாதத்தில் எங்கள் குழந்தை வயிற்றிலேயே போயிருந்தது. தொழிற்பேட்டையில் எனக்கு ஃபிட்டர் வேலை. நான் ஷிஃப்டுக்குப் போகும்போது சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். திரும்பி வரும்போதும் அப்படியே இருப்பாள். அவளுக்குப் பதிலாக நான்தான் சரி என்று தலையாட்டிப் பூனையை வாங்கினேன்.

அன்றைக்கே அது கட்டிலில் ஏறி அவள் முழங்கால் மடிப்பில் சுருண்டுகொண்டது. மறுநாள் காலை சமையலறையில் ஸ்டவ் பற்றவைக்கும் சத்தம் கேட்டு விழித்தேன். பூனைக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"பசிக்குது போலங்க, கத்திட்டே இருக்குது" என்றாள். பல வாரங்களுக்குப் பிறகு அவளாகப் பேசிய முதல் பேச்சு அது. எனக்குச் சந்தோஷத்தை விடப் பயம்தான் அதிகம் வந்தது. இந்தக் கிழட்டுப் பூனைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது?

பயந்த மாதிரியே ஆரம்பித்தது. பால் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீராகப் போயிற்று. தட்டு வரைக்கும் போக முடியாமல் பாயிலும், கட்டில் காலடியிலும், ஒருமுறை என் கம்பெனிச் சட்டை மேலும் போய்விட்டது. அவள் முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் அலசிப் போட்டாள். பாலை நிறுத்திக் குழைந்த சோறும் கொஞ்சம் மீனும் கொடுத்த பின் தேறியது. பக்கத்தில் வீடு கட்டும் இடத்தில் கேட்டுப் புது மணல் கொண்டுவந்து தட்டில் நிரப்பினேன். அதன் பிறகு காலையில் எழுந்ததும் முதல் வேலை, தட்டைக் கிளறிப் பார்ப்பதுதான். கெட்டியாக ஏதாவது கிடந்தால் அன்றைக்கு நிம்மதியாக வேலைக்குப் போவேன்.

ஒரு நாள் காலையில் ஒன்றும் இல்லை. பூனை தட்டில் முதுகைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அடித்தொண்டையில் ஒரு முனகல். வெளியே வந்தது, உடனே திரும்பப் போய் உட்கார்ந்தது. பிறகு சிமெண்ட் தரையில், பிறகு பாத்ரூம் மூலையில். எங்கேயும் ஒன்றும் வரவில்லை. பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருந்தது.

"மலங் கட்டிக்கிச்சுங்க. வெளக்கெண்ண ஊத்துங்க, சரியாப் போயிரும்" என்றார் எதிர்வீட்டுக்காரர். ஊற்றினோம். கொஞ்ச நேரத்தில் மஞ்சளாக வாந்தி எடுத்தது. சாயங்காலம் மீனை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் அவளே சொன்னாள். "ஏங்க, இன்னிக்கு லீவு போடுங்க. தூக்கிட்டுப் போலாம்."

உள்ளூர் மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் இல்லை. தளிப் பக்கம் மாடுகளுக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தார். "நாளைக்குத்தான் வருவாருங்க. அதுவரைக்கும் தாங்காது போல இருக்குதே. கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோயிருங்க" என்றார் கம்பவுண்டர்.

ஒயர் கூடையில் பழைய சேலையை விரித்துப் பூனையை வைத்துக்கொண்டு பஸ் ஏறினோம்.

"என்னம்மா கூடைல? கோழியா?" என்று கேட்டார் கண்டக்டர்.

"பூனைங்க. ஒடம்பு முடியல."

எட்டிப் பார்த்தார். "முன்னால வந்து குந்துங்கம்மா. பின்னால தூக்கித் தூக்கிப் போடும்."

சூளகிரி வரைக்கும் கத்திக்கொண்டு வந்த பூனை அதன் பிறகு கத்தவில்லை. அந்த அமைதிதான் தாங்க முடியாததாக இருந்தது. கூடைக்குள் கையை விட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. லாரிகள் எதிரே வந்து போவதையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது செத்துப்போனால் இவள் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள், இந்த முறை எழவே மாட்டாள் என்று தோன்றியது.

கிருஷ்ணகிரியில் டாக்டர் பூனையின் வயிற்றில் கையை வைத்ததுமே அவர் முகம் மாறியது.

"எப்ப இருந்து மூத்திரம் போகல?"

"மூத்திரம் இல்லீங்க சார். வெளிக்குத்தான் போகல" என்றேன்.

"வெளிக்கு இல்லைங்க. மூத்திரப்பை கல்லாட்டம் இருக்குது பாருங்க. ஆண் பூனைக்கு மூத்திரம் போற வழி அடைச்சுக்கும். முக்கறதப் பாத்தா மலச்சிக்கலாட்டம்தான் தெரியும்." நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தார். "மயக்க ஊசி போட்டுக் குழாய் விடணும். வயசான உசுரு, தாங்குமான்னு சொல்ல முடியாது. அப்படியே விட்டா இன்னிக்கே போயிரும்."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள்தான் பேசினாள்.

"போடுங்க சார்."

அவள் முன்னங்கால்களைப் பிடித்துக்கொண்டாள், நான் பின்னங்கால்களை. மெல்லிய குழாய் உள்ளே போகாமல் திரும்பத் திரும்ப நின்றது. டாக்டர் எடுத்தார், எண்ணெய் தடவினார், மறுபடி விட்டார். பூனையின் நாக்கு வெளியே தொங்கியது. மூச்சு இருக்கிறதா என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. பிறகு பீங்கான் கிண்ணத்தில் சொட்டு விழுந்தது. ரத்தமும் பொடி மணலும் கலந்த மாதிரி சிவப்பாக இரண்டொரு சொட்டு, பிறகு தாரையாக. வெளியே போய், கட்டிப் போட்டிருந்த ஒரு எருமைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் பூனை மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் கிடந்தது. அவள் கூடைக்குள் கையை வைத்தபடியே சொன்னாள்.

"போறப்ப நீங்க பூனையப் பாக்கவே இல்ல. என்னையத்தான் பாத்துட்டு வந்தீங்க."

நான் கூடைக்குள் எட்டிப் பார்த்தேன்.

"இது செத்தா நானும் போயிருவேன்னு நெனச்சீங்களா?"

"பயமா இருந்துச்சு."

"எனக்குந்தான்" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "அழுதிருப்பேன். ஆனா எந்திரிச்சிருப்பேங்க" என்றாள். குழந்தை போன நாளைப் பற்றி முதன்முதலாக அன்றைக்குத்தான் பேசினாள். ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, ஓசூர் வரும்வரைக்கும் பேசினாள்.

பூனை பிழைத்தது. தண்ணீர் நிறையக் குடிக்க வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், சோற்றைக் கஞ்சியாகக் கரைத்து ஊற்றினாள். நான் தட்டில் கட்டியைத் தேடுவதோடு, மணல் எங்கே நனைந்திருக்கிறது என்றும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். என் பயம் விட்டபாடில்லை. பூனை தட்டில் கொஞ்சம் அதிக நேரம் உட்கார்ந்தாலே பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள், ஷிஃப்ட் முடிந்து வந்தபோது பூனை சாக்கின் மேல் படுத்திருந்தது. கூப்பிட்டேன். தொட்டேன். விறைத்திருந்தது. அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அங்கேயே நின்றேன். பின்கட்டில் மண் வெட்டும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, மழை ஈரத்தில் அவளே குழி தோண்டிக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"வந்துட்டீங்களா? காலைலயே போயிருச்சுங்க" என்று மம்மட்டியை என்னிடம் நீட்டினாள். "கொஞ்சம் ஆழமா வெட்டுங்க. நாய் வந்து தோண்டிரும்."