பெரில் வாய்மூடி நின்ற ஞாயிறு

ஸ்கார்விக் என்ற கடலோரச் சிற்றூரில் யார் பேச்சை ஆரம்பித்தாலும் அதை முடித்துவைப்பது பெரில் ஹெப்வர்த்தான். யாரும் கொடுத்த பொறுப்பில்லை, அவளாகவே எடுத்துக்கொண்டது. கறிக்கடையில் பக்கத்து வீட்டுக்காரி "எனக்கு அரைக் கிலோ..." என்று வாயெடுப்பதற்குள், "சாசேஜ்தானே? மிளகு போட்டதாக் குடுங்க, இவ வீட்டுக்காரருக்கு மத்தது ஒத்துக்காது" என்று பெரில் வாங்கியே கொடுத்துவிடுவாள். அவள் கணவர் ஆல்ஃப் காதுக்கு மிஷின் வைத்திருக்கிறார். வீட்டு வாசற்படியை மிதித்ததும் அதில் பேட்டரி தீர்ந்துபோகும். காரணம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். பெரிலுக்கு மட்டும் பேட்டரி விற்கிறவன் மேல் கோபம்.

இப்படிப்பட்டவளைத்தான் செயின்ட் ஆஸ்வால்ட் சபையார் பாதுகாப்புப் பொறுப்பாளராக்கினார்கள். வயதானவர்கள், நோயாளிகள், தங்களுக்காகத் தாங்களே பேச முடியாதவர்கள், இவர்களை யாரும் துன்புறுத்தாமல் பார்த்துக்கொள்கிற வேலை. வருடாந்திரக் கூட்டத்தில், "யார் செய்றீங்க?" என்று போதகர் ரொவீனா கேட்டதும் எல்லாரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். அங்கே அதுதான் வழக்கம். பெரில் பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ பேச்சு மும்முரத்தில் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டிய கை தூக்கிய கையாகிவிட்டது.

சபைகளுக்கெல்லாம் மேலிடமான பேராயத்தில் பயிற்சிக்குப் போய்வந்த பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. கழிப்பறைக் கதவு வரைக்கும் அவள் படம் போட்ட அறிவிப்பு. "தும்முனாக்கூட பெரில்கிட்ட அனுமதி வாங்கணும் போலிருக்கு" என்று பாடகர் குழுவில் பேசிக்கொண்டார்கள். பயிற்சியில் சொல்லித்தந்தது என்னவோ எளிமையான விஷயந்தான். ஒருவர் மனம்விட்டுப் பேசினால் கேட்டுக்கொண்டிருங்கள், இடையில் புகாதீர்கள், வார்த்தையை எடுத்துக் கொடுக்காதீர்கள், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். செய்து காட்டச் சொன்னபோது பயிற்சி தந்த அம்மையார், "பெரில், அவங்க முடிக்கட்டும்" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்.

அந்தச் சபையில் கிளெம் என்றொருவன் உண்டு. ஐம்பதை நெருங்கிய ஆள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பான், கணக்கு வராது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நீங்கள் ஒரு ரொட்டிக்கு வெண்ணெய் தடவி முடித்துவிடலாம். ஆனால் செவ்வாய்க்கிழமை மாலை ஆலயக் கோபுரத்தில் மணியடிக்கும் பயிற்சி நடக்கும்போது கயிறு அவன் கையில் வந்துவிட்டால் ஆளே மாறிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கூடத்தில் டீ குடித்த கோப்பைகளைக் கழுவுவதும் அவன்தான். ஒரு குளிர்காலத்தில் அவன் அம்மா இறந்ததும், கடற்கரையில் விடுதி நடத்தும் சிலியா விட்கம்மும் அவள் கணவன் ரோலண்டும் அவனைத் தங்களோடு கூட்டிப்போய் வைத்துக்கொண்டார்கள். ஊரே அவர்களைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது.

கூடத்தின் பாத்திரத் தொட்டியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஸ்கார்விக்காரர்கள் முகத்துக்கு முகம் பார்த்து உண்மை பேசுகிறவர்கள் இல்லை. கால் முறிந்து ஆம்புலன்சில் ஏற்றும்போது கேட்டாலும், "குறை சொல்றதுக்கு ஒண்ணுமில்ல" என்பார்கள். ஆனால் அந்தத் தொட்டியில் ஒருவர் கழுவ, ஒருவர் துடைக்க, இரண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே தெரியும் மழைநீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். விவாகரத்து, புற்றுநோய், மகன் ஜெயிலில் இருப்பது, எல்லாவற்றையும் முதலில் கேட்டது அந்தக் குழாய்தான். பெரிலுக்கு ஊர்ச் செய்தி முழுவதும் அங்கேதான் கிடைத்தது. அப்படியிருந்தும், கோப்பைகள் விளிம்பு உடைகின்றன, பாத்திரம் கழுவ ஒரு மெஷின் வாங்க வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் மல்லுக்கு நின்றவளும் அவளேதான்.

ஈஸ்டர் முடிந்ததும் அந்த மெஷினைச் சிலியா வாங்கிக் கொடுத்தாள்.

"பாவம் கிளெம். ஞாயித்துக்கிழமையாவது அவன் கைக்கு ஓய்வு வேணாமா?" என்றாள். கேட்டவர்கள் உருகிப்போனார்கள். நன்றியுரை பெரிலுடையது. சிலியாவும் ரோலண்டும் எப்பேர்ப்பட்டவர்கள், கிளெம் எவ்வளவு கொடுத்துவைத்தவன் என்று டீ ஆறும்வரை பேசினாள். எல்லாரும் கைதட்டினார்கள். கிளெமும் தட்டினான்.

அதற்குப் பிறகு கிளெமுக்குக் கூடத்தில் வேலையில்லாமல் போயிற்று. மற்றவர்கள் டீயை ஆற்றிக்கொண்டிருக்கும்போதே சிலியா அவனைக் காருக்குக் கூட்டிப்போய்விடுவாள். கோடை வந்ததும் மணிப் பயிற்சிக்கும் அவன் வரவில்லை. "அலுப்பா இருக்காம்" என்றாள் சிலியா.

ஒரு ஞாயிறு வாசலில் வைத்து பெரில் கேட்டாள். "கிளெம், எப்படியிருக்கே கண்ணு?"

"நல்லா இருக்கான். நல்லா சாப்பிடறான். இல்லையா கிளெம்?" என்றாள் சிலியா.

பெரிலுக்குச் சுருக்கென்றது. முதலில் வந்தது வெறும் தொழில் பொறாமைதான், மறைப்பானேன். அடுத்தவர் பேச்சை முடித்துவைக்க ஊரில் ஒருத்தி இருக்கும்போது இவள் யார்? பிறகுதான் கிளெமைக் கவனித்தாள். பெரில் குறுக்கே புகுந்தால் ஜனங்கள் சிரிப்பார்கள், இல்லை எரிந்துவிழுவார்கள். கிளெம் இரண்டும் செய்யவில்லை. சிலியாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் தலையாட்டினான்.

பெரில் நேராகப் போதகரிடம் போனாள்.

"ஏதாவது பார்த்தீங்களா பெரில்?"

"பார்க்கல. அவன் வாயால எதையும் கேக்கவும் இல்ல. அவனோட தனியா பேசியே எத்தனையோ நாளாச்சு. அதுதான் எனக்குச் சரியாப் படல."

"விட்கம் வீட்டுக்காரங்களா? அவங்கதானே அந்த மெஷின..." என்று தொடங்கிய ரொவீனா பாதியில் நிறுத்தி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சே, அதை எதுக்கு இழுத்தேன்? பேராயத்துக்கு இப்பவே போன் போடுங்க."

பேராயத்தில் சொன்னதும் பழைய பாடந்தான். துப்பறியப் போகாதீர்கள், அவனுக்குப் பேச ஓர் இடம் கொடுங்கள், அவனுக்கு ஆபத்து என்று தெரிந்தால் உடனே கூப்பிடுங்கள். இடமா? பெரில் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தாள். இருந்த ஒரே இடமான அந்தத் தொட்டியையும் கைதட்டி மூடியாகிவிட்டதே என்பது கறிக்கடை வாசலில்தான் அவளுக்கு உறைத்தது.

அறுவடைப் பண்டிகை ஞாயிறு. பூசணியும் ஆப்பிளும் ஜாம் போத்தலுமாக ஆலயம் நிறைந்திருந்தது, ஜனமும் நிறைந்திருந்தது. ஆராதனை தொடங்குமுன் பெரில் கூடத்துக்குள் நழுவி, மெஷினுக்குப் பின்னால் கையை விட்டு, சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்து உத்தமியைப் போல முதல் பாட்டைப் பாடினாள்.

டீ முடிந்தது. மெஷினுக்குள் கோப்பைகளை அடுக்கிப் பொத்தானை அமுக்கினால் சத்தமே இல்லை. ஆளாளுக்கு வந்து எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பார்த்தார்கள். ஒருவர் அதைத் தட்டிக்கூடக் கொடுத்தார்.

"மெஷினுன்னா இப்படித்தான், சமயத்துல காலை வாரிடும்" என்று பெரில் அலுத்துக்கொண்டாள். "கிளெம், சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு வா கண்ணு. நீ கழுவு, நான் தொடைக்கிறேன்."

"நாங்க கிளம்பணுமே. விடுதில ஆளுங்க காத்திருப்பாங்க" என்றாள் சிலியா.

"ஐயோ, சிலியா, உங்களைத்தான் தேடுறேன்" என்று போதகர் அவள் கையைப் பிடித்தார். "எந்த ஜாமுக்குப் பரிசுன்னு நீங்கதான் சொல்லணும். வேற யார் சொன்னாலும் சண்டை வந்துடும்." ஸ்கார்விக்கில் பிறந்த பெண் அதை மறுத்ததாகச் சரித்திரமே இல்லை.

கிளெம் வெந்நீரைத் திறந்துவிட்டான். நுரை பொங்கியது. முதல் கோப்பையைக் கழுவிக் கொடுத்தான், பெரில் துடைத்தாள். எதிரே மழைநீர்க் குழாய். அவன் அடுத்த கோப்பையை எடுத்தான். பெரிலின் நாக்கு துறுதுறுத்தது. அங்கே அடிக்கிறார்களா, சாப்பாடு போடுகிறார்களா என்று கேள்விகள் தொண்டைவரை வந்து முட்டின. பக்கத்துத் தட்டில் மிஞ்சியிருந்த இஞ்சி பிஸ்கட் ஒன்றை எடுத்து முழுசாக வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

"தண்ணி சூடா இருக்கு" என்றான் கிளெம்.

"ம்."

"அங்க எனக்குச் சூடு தண்ணி இல்ல. விருந்தாளிங்களுக்குத்தான்."

பெரில் அடுத்த பிஸ்கட்டை எடுத்தாள். துடைத்த கோப்பையையே திரும்பவும் துடைத்தாள். அவன் ஒவ்வொரு கோப்பையாகக் கழுவினான், பேச்சும் ஒவ்வொன்றாக வந்தது. விடியுமுன் எழுந்து எல்லா அறையும் அவன்தான் பெருக்க வேண்டும், கழிப்பறையும். மிச்சம் இருந்தால் சாப்பாடு. அவன் போன் சிலியாவிடம். இரவில் அவன் அறைக் கதவை வெளியிலிருந்து பூட்டுவார்கள்.

"ரோலண்ட் கை ஓங்குவாரு. தினம் இல்ல." ஒரு தட்டை எடுத்து நிதானமாகக் கழுவினான். "மணி அடிக்கப் போனா நான் யார்கிட்டயாவது உளறிடுவேனாம்."

பெரில் அந்தத் தட்டை வாங்கித் துடைத்தாள்.

"ஆனா அவங்க நல்லவங்க. நீங்க சொன்னீங்களே பெரில். மெஷின் வந்தப்போ. எல்லாரும் கை தட்டினாங்க."

வாயிலிருந்த பிஸ்கட் மண்ணாகிவிட்டது. அழுகை முட்டியது அவளுக்கு. அந்த நன்றியுரையை அள்ளி விழுங்கிவிட முடிந்தால் விழுங்கியிருப்பாள். இத்தனை மாதமும் அவன் வாயை அடைத்தது சிலியா மட்டுமில்லை, தானுந்தான் என்று நினைக்கவே உடம்பு கூசியது.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றான் அவன். "சொன்னா எங்கயோ ஹோம்ல கொண்டுபோய் விட்ருவாங்களாம்."

சரியென்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம். பெரில் பிஸ்கட்டை விழுங்கினாள்.

"அந்த வாக்கை மட்டும் நான் குடுக்க முடியாது கண்ணு. உன்னைப் பாதுகாக்கிற வேலையில இருக்கிறவங்ககிட்ட சொல்லியே ஆகணும். ஊர்ல ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

கிளெமின் கை தண்ணீருக்குள் நின்றுவிட்டது. நுரை அடங்கத் தொடங்கியது. போச்சு, இனி இவன் வாயே திறக்கப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டாள். இருந்தாலும் ஒன்றே ஒன்றைக் கேட்டாள். "உனக்கு என்ன வேணும் கிளெம்?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். அவள் வாழ்க்கையில் அப்படிக் காத்திருந்ததே கிடையாது, ஆல்ஃப் பெண் கேட்டு வந்தபோதுகூட அவர் கேட்டு முடிக்குமுன் சரி சொன்னவள்.

"செவ்வாய்க்கிழமை மணி அடிக்கணும்." ஒரு கோப்பை கழுவி முடித்தான். "கதவுக்கு உள்பக்கமாத் தாழ்ப்பா வேணும்." இன்னொன்று. "இன்னிக்கு நான் அங்க போக வேணாம்."

அந்த நேரம் பார்த்துக் கார்ச் சாவியைக் குலுக்கிக்கொண்டு சிலியா வாசலில் வந்து நின்றாள். பின்னாலேயே போதகர். "போலாமா கிளெம்?"

"நான் வரல" என்றான் கிளெம். திரும்பிப் பார்க்காமல் மழைநீர்க் குழாயைப் பார்த்துத்தான் சொன்னான்.

சிலியா சிரித்தாள். "அசதி. அவன் என்ன சொல்ல வர்றான்னா..."

"சொல்லிட்டான்" என்றாள் பெரில். இருவருக்கும் நடுவில், ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். குட்டையான பெண்தான், ஆனால் அன்றைக்கு அந்த வாசல் அடைபட்டுவிட்டது.

போதகர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. "கிளெம் இங்கதான் இருப்பான், சிலியா. நீங்க போயிட்டு வாங்க" என்றார். பெரில் பேராயத்தின் எண்ணையும் நகரமன்றத்தின் சமூகநலப் பிரிவு எண்ணையும் போனில் அழுத்தினாள். பொழுது சாய்வதற்குள் நகரமன்ற ஆட்கள் வந்து, கிளெம் தங்குவதற்கு ஓரிடம் ஏற்பாடு செய்தார்கள்.

நிஜமான சோதனை அதற்கப்புறம்தான் வந்தது. போலீஸ் விசாரணை குளிர்காலம் முழுவதும் இழுத்தது, விட்கம் தம்பதி கோபித்துக்கொண்டு சபையை விட்டுப் போனார்கள். ஊர் இரண்டுபட்டது. "பெத்த பிள்ளை மாதிரி வச்சிருந்தாங்க. இவ போய்க் குடும்பத்தைக் கெடுத்துட்டா" என்று பெரில் காதுபடவே பேசினார்கள். மெஷினைச் சரிபார்க்க வந்தவன் பிளக்கைச் சொருகிவிட்டு வாய்விட்டுச் சிரித்தது வேறு பரவிவிட்டது. கிளெம் சொன்னதில் ஒரே ஒரு வார்த்தையைச் சொன்னால் அத்தனை பேரும் வாயடைத்துப் போவார்கள். அவள் சொல்லவில்லை. கறிக்கடையில் ஜாடையாகக் கேட்டவர்களிடம், "சாசேஜ் குடுங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

வீட்டிலும் அப்படித்தான். ஒரு சாயங்காலம் ஆல்ஃப் காது மிஷினைக் கழற்றிப் புதுப் பேட்டரி போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "என்னம்மா ஆச்சு? வீடு இப்படி இருந்ததே இல்லையே."

"சொல்லக் கூடாது ஆல்ஃப்."

"சரி, சொல்லாத" என்று டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

வசந்தம் வந்தபோது ரோலண்ட்மேல் வழக்குப் பதிவானது. ஜாடை பேசியவர்கள் மறுபடி செருப்பைப் பார்த்தார்கள். கிளெமுக்கு ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு கிடைத்தது, நகரமன்றத்திலிருந்து தினமும் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போவார். கதவுக்கு உள்பக்கமாகத் தாழ்ப்பாள். குடிபோன அன்று அதைப் போட்டுப் போட்டுத் திறந்தான் என்று அந்த ஆள் சொன்னார். கூடத்தில் மெஷின் இன்னும் இருக்கிறது. அதன்மேல் பூ ஜாடி வைக்கிறார்கள், கோப்பை யாரும் வைப்பதில்லை.

மே மாதத்து ஞாயிறு ஒன்றில் இருவரும் தொட்டியருகே நின்றிருந்தார்கள்.

"பெரில், செவ்வாய்க்கிழமை மணி அடிக்கிறப்போ..." என்று ஆரம்பித்தான் கிளெம்.

"கயிறு நழுவிடுச்சாக்கும்! நான்தான் அப்பவே சொன்னேனே, கையை நல்லா..."

கிளெம் நுரைக் கையைத் தண்ணீரிலிருந்து எடுத்தான். அந்தத் தொட்டியில் யாரும் செய்யாததைச் செய்தான். மழைநீர்க் குழாயைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான்.

"நான் இன்னும் முடிக்கல" என்றான்.

இப்படி யாராவது முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் முன்பெல்லாம் பெரில் ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வாள். இன்று கண் கலங்கிவிட்டது, அதுவும் சந்தோஷத்தில். வாயை மூடிக்கொண்டு அடுத்த கோப்பையை எடுத்தாள். அது ஏற்கெனவே துடைத்ததுதான். அவன் சொல்லி முடிக்கும்வரை அதையே துடைத்துக்கொண்டு நின்றாள்.