மாடு வந்தால் முழு வாடகை

பிள்ளைகளா, போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் போனை வைத்துக்கொண்டு லாட்ஜ் தேடினீர்கள். காட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், மிருகங்கள் கண் முன்னால் வர வேண்டும், வாடகையும் நமக்குக் கட்டுப்படியாக வேண்டும். கடைசியில் ஒன்றைப் பிடித்து, "அப்பா, இதுல மிருகம் கண்டிப்பாப் பாக்கலாம்னு போட்டிருக்கு, சல்லிசா வேற இருக்கு" என்று நீட்டினீர்கள். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு நான் எழுந்து போய்விட்டேன். உங்களுக்குக் கோபம். நியாயம்தான். வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதி வைக்கிறேன்.

எனக்கு அப்போது உங்களில் சின்னவனின் வயது. என் பெரியப்பாவுக்குத் திண்டுக்கல்லில் வெங்காயக் கமிஷன் கடை. அப்பா அதே கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் எதுவானாலும் பெரியப்பா பேசி முடித்தால்தான் முடிந்த மாதிரி. கல்யாணப் பந்தலிலிருந்து கட்டில் மெத்தை வரை அவர் பேரம் பேசாமல் ஒரு பொருளும் வீட்டு வாசப்படி ஏறியதில்லை. அந்த வருடம் காலாண்டுப் பரீட்சை லீவில் காட்டு மிருகம் பார்க்கப் போக வேண்டும் என்று பெரியப்பாவின் மகன்கள் இரண்டு பேரும் நானும் அடம் பிடித்தோம்.

பெரியப்பா விசாரித்தார். முதுமலை என்றார்கள். அம்புட்டுத் தூரத்துக்கு வேன் வாடகையே நம்மைத் தின்றுவிடும் என்று தள்ளிவிட்டார். தேக்கடியில் ஒரு இடத்துக்குப் போன் போட்டார். ஒரு ராத்திரிக்கு அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு, "படுக்க இடங் கேட்டேன்யா, கிரயத்துக்கா கேட்டேன்?" என்று வைத்துவிட்டார். கடைசியில் மலை வியாபாரி ஒருவர் ஒரு இடம் சொன்னார். வத்தலக்குண்டு தாண்டி மலையேறும் வழியில், காப்பித் தோட்டத்துக்குள் இருக்கும் சின்ன லாட்ஜ். மொட்டை மாடியில் நின்றால் எதிர்ச் சரிவில் காட்டுமாடு மேய்வது தெரியும். வாடகையும் குறைவு.

குறைவு என்றால் பெரியப்பாவுக்குப் போதுமா? வெங்காய வியாபாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூட்டையைப் பிரித்துக் கொட்டி, அழுகல் இருந்தால் அதற்குக் கழிவு போட்டுத்தான் விலை கொடுப்பார்கள். சரக்கைப் பார்க்காமல் முழு விலை கொடுப்பவனை அந்தத் தெருவில் யாரும் வியாபாரி என்று சொல்லமாட்டார்கள். லாட்ஜ் மேனேஜரிடமும் பெரியப்பா அதையே பேசினார். நான் மூட்டை மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"தெனம் மாடு வருதுன்னு நீங்கதானய்யா சொல்றீக? அப்புறம் எதுக்குப் பயப்படுறீக? மாடு வந்துச்சா, முழு வாடகை கைமேல. வரலையா, பாதி. என்ன சொல்றீக?"

மழைக் காலம். அறைகள் காலியாகக் கிடந்திருக்க வேண்டும். ஒத்துக்கொண்டார்கள். "மொதலாளி காட்டுமாட்டுக்கும் கழிவு போட்டுட்டாருப்பா!" என்று ஒரு லோடுமேன் சொல்ல, கடையே சிரித்தது. எனக்குத் தாங்காத பெருமை.

லாட்ஜில் ஒரு மேனேஜர், ஒரு காவல்காரர், சமையலுக்குக் காவல்காரரின் மனைவி. அவ்வளவுதான் ஆட்கள். காவல்காரர் மெலிந்த மனிதர். வேனிலிருந்து இறங்கியதும் நான் அவரிடம் ஓடிப்போய் மாடு எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டேன்.

"அது என்ன டவுன் பஸ்ஸா அப்பு, நேரத்துக்கு வாரதுக்கு?"

"டவுன் பஸ்ஸும்தான் நேரத்துக்கு வாரதில்ல" என்றான் பெரியப்பாவின் மூத்த மகன்.

"அப்ப ரெண்டும் ஒண்ணுதான். வந்தா பாத்துக்கங்க, ஏறி மட்டும் உக்காந்துறாதீக" என்றார். அன்று முழுவதும் நாங்கள் அவர் பின்னாலேயே திரிந்தோம்.

சாயங்காலம் எல்லோரும் மொட்டை மாடியில் காத்திருந்தோம். சரிவெல்லாம் பனி மூடிக் கிடந்தது. நேரம் போகப் போக எங்கள் முகம் சுருங்கியது. பெரியப்பாவின் முகம் மட்டும் மலர்ந்துகொண்டே வந்தது. ஒரு மலையணில் கிளைக்குக் கிளை தாவியது. மேனேஜர் ஆசையாக ஓடிவந்து, "சார், இங்க பாருங்க, மலையணிலு. வெளிநாட்டுக்காரவுக இதப் பாக்கத்தான் வாராக" என்றார்.

"அணிலப் பாக்க எங்க வீட்டு முருங்க மரம் போதும்யா. பேச்சு மாட்டுக்கு" என்றார் பெரியப்பா.

மேனேஜர் இறங்கிப் போனார். அன்றைக்கு மாடு வரவில்லை.

மறுநாள் விடிந்தும் பனி விலகவில்லை. டீ கேட்டுவரச் சொல்லி அம்மா என்னைச் சமையல்கட்டுக்கு அனுப்பினார். மேனேஜர் அங்கே காவல்காரரிடம் கத்திக்கொண்டிருந்தார்.

"டிபன் முடிச்சதும் கெளம்பிருவாக. பாதிதான் தருவேன்னு அந்தாளு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. மொதலாளி என்னையக் கேப்பாரு. நான் ஒன் சம்பளத்துலதான் பிடிப்பேன், சொல்லிட்டேன். பாறையில உப்பு வைக்கிறது ஒன் வேலைதான?"

உப்பை நக்கத்தான் மாடு அந்தச் சரிவுக்கு வரும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"வைக்கிறேன் சார். செத்த நேரம் பொறுங்க" என்றார் காவல்காரர். "ஒத்த மாடு ஒண்ணு ரெண்டு நாளா அந்த ஓடைக்குள்ளயே கெடக்கு. பனியில கண்ணு தெரியாது. வெயில் வரட்டும்."

"வெயில் வாரப்ப அவுக வத்தலக்குண்டுல இருப்பாக."

அடுப்பில் குனிந்திருந்த காவல்காரரின் மனைவி திரும்பாமலே, "போன மாசமும் பிடிச்சுட்டீக" என்றார். காவல்காரர் மூலையிலிருந்த உப்புச் சாக்கை எடுத்துத் தோளில் போட்டார். வாசலில் நின்ற என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"மாடியில போயி நில்லு அப்பு. இன்னைக்கு பஸ்ஸு வந்துரும்."

நான் டீயை மறந்து மாடிக்கு ஓடி எல்லோரையும் கூப்பிட்டேன். பெரியப்பா பல் தேய்த்துக்கொண்டே வந்தார். கீழே சாக்கோடு காவல்காரர் இறங்கிப் போவது தெரிந்தது. பிறகு உண்ணிச்செடிப் புதர் மறைத்துவிட்டது. காற்றடித்துப் பனி கொஞ்சம் விலகியபோது, பாறைக்குப் பக்கத்தில் அது நின்றது. கருகருவென்ற உடம்பு. முழங்காலுக்குக் கீழே மட்டும் சுண்ணாம்பில் முக்கி எடுத்தது போல வெள்ளை. பெரியம்மா கையெடுத்துக் கும்பிட்டார். நாங்கள் குதித்தோம். அது தலையைத் தாழ்த்தியது, புதருக்குள் புகுந்தது.

கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அவர் மாட்டைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தோம். பெரியப்பாவின் சின்ன மகன் அதே மாதிரிக் கத்திக் காட்டினான். நானும் கத்தினேன். மூன்று பேரும் மாறி மாறிக் கத்தினோம். அப்பாதான் முதலில் படியிறங்கி ஓடினார்.

காவல்காரரின் தொடையில் மாடு குத்தியிருந்தது. மேனேஜரும் அப்பாவும் வேன் டிரைவரும் தூக்கி வந்து எங்கள் வேனின் பின்பக்கம் கிடத்தினார்கள். அவர் மனைவி தன் சேலையைக் கிழித்துக் கட்டிவிட்டுப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். எல்லோரும் அரைகுறையாகச் சாமான்களை அள்ளி ஏறினோம். பெரியப்பா மட்டும் மேனேஜரோடு உள்ளே போய்விட்டு வந்தார்.

"முழுசாக் குடுத்துட்டேன்" என்றார் அப்பாவிடம், வெளியே நின்றபடியே. "பேச்சுன்னா பேச்சு. மாடு வந்துச்சுல்ல?"

பெரியப்பா கெட்டவர் இல்லை. வேனை ஒரு நிமிடம் தாமதிக்காமல் கொடுத்தார். வேனெல்லாம் ரத்தமானதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த முழு வாடகையைப் பற்றிப் பிற்காலத்தில் எத்தனையோ விருந்துகளில் அவரே சொல்லியிருக்கிறார். நினைத்தால் பாதி கொடுத்துவிட்டு வந்திருக்கலாம், அந்தக் குழப்பத்தில் யார் கேட்கப் போகிறார்கள், ஆனால் தான் சொன்ன சொல் மாறவில்லை என்பார். கேட்பவர்கள் தலையை ஆட்டுவார்கள். அம்மா மட்டும் அந்தப் பேச்சு தொடங்கியதும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். அந்தப் பணத்தில் ஒரு ரூபாயாவது காவல்காரர் கைக்குப் போனதா என்று யாரும் பெரியப்பாவைக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆள் பிழைத்துவிட்டார், கால்தான் விளங்கவில்லை, லாட்ஜில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள் என்று அந்த மலை வியாபாரி பிறகு ஒரு நாள் கடையில் சொன்னார். அப்போது கடையில் வெங்காயம் ஏலம் போய்க்கொண்டிருந்தது.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தது இது இல்லை. வேனில் நடந்ததைத்தான்.

வேன் வளைந்து வளைந்து இறங்கியது. பெரியப்பா முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில். நான் கடைசி இருக்கையில், காவல்காரர் மனைவியின் தலைக்கு நேர் மேலே. அவர் ஒரு கையால் கணவரின் தொடையை அழுத்திப் பிடித்திருந்தார். திடீரென்று நிமிர்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் என்னிடம் கேட்டார்.

"மாட்டப் பாத்தியாப்பு?"

"பாத்தேன்! ரொம்பப் பெருசு. காலு மட்டும் வெள்ளை!"

"ஒங்க பெரியப்பா? அவுக பாத்தாகளா?"

"பாத்தாரு. எல்லாரும் பாத்தோம்."

"நல்லாப் பாத்தாகளா? பனிக்குள்ள சரியாத் தெரியலன்னு எதுவும் சொல்லலையே?"

"இல்ல. நல்லாப் பாத்தாரு."

அவர் குனிந்து கணவரின் காதில் வாயை வைத்து, "பாத்துட்டாகளாம்" என்றார். அந்த மனிதர் கண்ணைத் திறக்கவில்லை. தலையை மட்டும் மெல்ல அசைத்தார்.

இவ்வளவு வலியிலும் சின்னப் பையன் ஆசைப்பட்ட மாட்டைப் பார்த்தானா இல்லையா என்று கவலைப்படுகிறார்களே, எவ்வளவு அன்பானவர்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர்களைச் சந்தோஷப்படுத்த, மாட்டின் கொம்பு எவ்வளவு நீளம் என்று இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினேன்.